தேயையைப் பூர்வீகமாகக் கொண்டவர்

என் சம்பந்தியின் பாட்டனார் ஓர் அணில் என்று என் கணவர் ஒரு மாதத்துக்கு மேலாக நம்பியிருந்தார். அதை யாரிடமும் வாய் திறந்து சொல்லவுமில்லை. பெண்ணைப் பெற்றவன் பொறுமையாக இருக்கவேண்டும் என்று தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அது நடந்தது மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில், ரெயாலின் வீட்டுக் குசினியில். ரெயால், எங்கள் மகள் தாரணி கட்டப்போகிற மத்தியூவின் தகப்பன். கியூபெக் மனிதர். மனைவி காலமாகிப் பல வருடங்கள். அந்த இடமெல்லாம் மாட்டுப் பண்ணையாக இருந்த காலத்தில் கட்டிய பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். கலியாணம் முற்றான பிறகு எங்களை முதன்முதலாகச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. குசினிக் கதவடியில் நாங்கள் கழற்றி வைத்த சப்பாத்துகளிலிருந்து தண்ணீர் ஓடி ஒரு சின்னக் குளம் கட்டியிருந்தது. அடுப்பில் மஞ்சள் பட்டாணி சூப். மேசை நடுவில், மரப்பலகை ஒன்றின் மேல், அம்மிக்கல் கனத்தில் ஒரு சீஸ்.

சீஸ் என்றால் பீட்சாவில் இழுபடுகிறது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இது வேறு சாமான். கிட்டப் போனால் மழையில் நனைந்து காயாத காலுறை மணத்தது. என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை விழுங்கி, நல்லாயிருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னார். ரெயாலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இன்னும் பெரிய துண்டாக வெட்டி வைத்துவிட்டு, இதை இப்படிச் சாப்பிடப் பழக்கியது தன் அப்பப்பாதான் என்று கதை சொல்லத் தொடங்கினார்.

நான் அப்போது தாரணியோடு தொட்டியடியில் நின்று சூப் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு மாடு, மலை என்று இரண்டு சொற்கள்தான் காதில் விழுந்தன. என் கணவருக்கு விழுந்தது முழு வசனம். "என் அப்பப்பா ஒரு சுயிஸ்" என்றார் ரெயால்.

சுயிஸ் என்றால்

இதை விளக்க, எங்கள் தக்காளிச் செடிகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சென்ட் லோரன்டில் நாங்கள் இருப்பது நிலத்தோடு ஒட்டிய வாடகை வீடு. பின்பக்கம் இரண்டு பாய் விரிக்கலாம் என்கிற அளவுக்கு மண் உண்டு. அதில் என் கணவர் கோடை முழுக்கத் தக்காளியோடு மல்லுக்கட்டுவார். பழம் சிவக்கிற அன்றைக்குப் பார்த்து, முதுகில் கோடு போட்ட ஒரு சின்ன அணில் வந்து கடித்துவிட்டுப் போகும். முழுவதையும் தின்றாலாவது மனம் ஆறும். ஒவ்வொன்றிலும் ஒரு கடி.

மேல்மாடியில் இருக்கிற கியூபெக் மனிதர் ஒருநாள் யன்னலால் எட்டிப் பார்த்து, அதன் பெயர் சுயிஸ் என்று சொல்லிக் கொடுத்தார். இங்கே சாம்பல் நிறத்துப் பெரிய அணிலுக்கு ஒரு பெயர், கோடு போட்ட சின்னதுக்கு இந்தப் பெயர். அன்றிலிருந்து என் கணவரின் பிரெஞ்சில் ஆக அதிகமாகப் புழங்கிய சொல் அதுதான். அதற்கு முன்னும் பின்னும் வருகிற தமிழ்ச் சொற்களை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

சுவிஸ் நாடு எங்களுக்கு எப்போதும் சுவிஸ்தான். மச்சாள் வதனி இருக்கிற சுவிஸ். பெரியண்ணை கனடா வருவதற்கு முன் கொஞ்சக்காலம் நின்ற சுவிஸ். அதைப் பிரெஞ்சில் சுயிஸ் என்பார்கள் என்று, புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி ஏற்றியிறக்கிப் பிரெஞ்சு படித்த மனிதருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆகவே என் கணவர் சீஸைக் கையில் பிடித்தபடி யோசித்தார். இந்த நாட்டில் ஓநாய்க் குலம், கரடிக் குலம் என்று சொல்லிக்கொள்கிற ஆதிக்குடிகள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அப்படி ஏதோ ஒரு வழியாக இவர் அணில் குலம். சொல்லுகிற மனிதரோ நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறார். சிரித்தால் கலியாணம் குழம்பும். எனவே தன்னிடம் இருந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, எங்கள் பக்கத்திலும் சுயிஸுக்கு மிகப் பெரிய மரியாதை உண்டு என்று சொன்னார்.

ரெயாலின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கை துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது இரண்டு தகப்பன்மாரும் அப்படி நின்றார்கள். சம்பந்திமார் பொருந்திவிட்டார்கள் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

பிறப்பிடமும் வதிவிடமும்

போன கிழமை நான் எழுதிய மெட்ரோ கதையைப் படித்த ஒரு வாசகி, நீங்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டீர்களா என்று கேட்டிருந்தார். மாட்டேன். நேராகச் சொன்னால் என் கதைகள் எல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

எங்கள் ஆட்களின் கலியாணக் கார்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் மணமக்களின் பெயரைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இன்ன ஊரைப் பூர்வீகமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட திரு, திருமதி இன்னார் என்று வரவேண்டும். மரண அறிவித்தலிலும் அதே பாட்டுத்தான். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் மன்னிப்பார்கள். ஊர் இல்லாமல் கார்டு அனுப்பினால் ஸ்காபரோச் சொந்தக்காரரிடமிருந்து டெலிபோன் வரும்.

ஊர் என்கிற சொல்லே எங்களுக்கு ஒரு பெயராகிவிட்டது. ஊரில் மழையாம், ஊருக்குக் காசு போட்டாச்சா, ஊரிலிருந்து மிளகாய்த்தூள் வந்திருக்கிறது. தாரணி சின்னப் பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போன காலத்தில், அப்பா அம்மா எங்கிருந்து வந்தார்கள் என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். இவள் உரத்த குரலில் "ஊர்" என்றிருக்கிறாள். அந்த மனிசி உலக உருண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் களைத்து, கடைசியில் இந்து சமுத்திரத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதற்குக் கீழே 'ஊர்' என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதிவிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்து உருண்டையில் எங்கள் தேசம் கன காலம் இருந்தது.

இப்போது அதே தாரணிக்குக் கலியாணக் கார்டு. எங்கள் பக்கம் சிக்கல் இல்லை. ஏழாலையைப் பூர்வீகமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்டவர்கள் நாங்கள். மாப்பிள்ளை பக்கம் என்ன போடுவது என்று ஒரு சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் கேட்டேன். என் கணவர் பாணைப் பிய்த்துக்கொண்டு, மெல்லமாகச் சொன்னார்.

"அவையின்ர பூர்வீகம் அணில். அதைக் கார்டில போடேலுமே எண்டுதான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

தாரணி தேத்தண்ணீரை மேசை முழுக்கத் துப்பிவிட்டாள். விஷயம் விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு, சுயிஸ் என்றால் சுவிஸ்காரரும்தான் அப்பா என்று சொல்லி நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் கணவர் மட்டும், ஒரு மாதமாகத் தூக்கிய பாரத்தை இறக்கிய நிம்மதியோடு, மிச்சப் பாணைச் சாப்பிட்டார்.

ஒற்றைச் சொல்

அடுத்த நாளே ரெயாலைத் தேத்தண்ணீருக்கு வரச்சொன்னேன். பூர்வீகம் என்கிற சொல்லைப் பிரெஞ்சில் விளக்க எனக்குக் கை, கால், மேசையில் இருந்த சீனிப் போத்தல் எல்லாம் தேவைப்பட்டன. நீங்கள் பிறந்த இடமல்ல, உங்களைப் பெற்றவர்களின் ஆட்கள் எங்கிருந்து வந்தார்களோ அந்த இடம் என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். இவ்வளவு காலத்தில் தன்னிடம் இதை யாரும் கேட்கவில்லை என்றார்.

அவருடைய அப்பப்பாவின் பெயர் மெல்கியோர் பூகர். வாலிபத்தில் சுவிஸிலிருந்து கப்பலேறி, கியூபெக்கில் மாடு பார்க்க வந்தவர். கலியாணத்தன்று பாதிரியார் பூகரை பூஷே என்று எழுதிவிட்டார். கியூபெக்கில் கல்லை எறிந்தால் ஒரு பூஷேயின் தலையில்தான் விழும். பெயரை வைத்துத் தேடுகிற வழி அத்தோடு அடைபட்டது. ரெயால் விடவில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து சுவிஸின் வரைபடங்களை விரித்து வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு சொல்.

அப்பப்பா பின்னேரங்களில் மாட்டுக் கொட்டிலிலிருந்து வருவார். இப்போது ரெயால் இருக்கிற அதே வீட்டின் குசினிக் கதவைத் திறப்பார். ஒரு சப்பாத்தின் நுனியால் மற்றச் சப்பாத்தின் குதியை அழுத்திக் கழற்றுவார். பெரிதாக ஒரு மூச்சு விட்டு, "ஸோ. தேயை" என்பார். ஒவ்வொரு நாளும். வீட்டிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களாம். பாவம், மனிதருக்குத் தன் ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று. சின்னப் பிள்ளையான ரெயாலுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் அழுகை வருமாம்.

அந்தத் தேயையைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தும் எந்த வரைபடத்திலும் அது இல்லை. நிச்சயமில்லாத பெயரைக் கார்டில் போட உங்கள் வழக்கம் இடம் கொடுக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பிறகு சொன்னார்: "என் மகனின் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிடவேண்டாம்."

அதற்கு மேல் நான் என்ன யோசிப்பது?

அண்ணையின் அத்தாட்சி

எங்கள் குடும்பத்தில் சுவிஸ் பற்றிய விஷயங்களுக்குப் பெரியண்ணைதான் நீதிமன்றம். அங்கே எவ்வளவு காலம் நின்றார் என்பது அவர் சொல்லுகிற ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டு வரும். ஸ்காபரோவுக்கு டெலிபோன் எடுத்து, தேயை என்றொரு இடம் தெரியுமா என்று கேட்டேன். அண்ணை ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"தேயை தெரியாமலோ? ரெயினில அந்தப் பக்கம் போயிருக்கிறன், பிள்ளை. சின்ன இடம். நல்ல மாட்டுப்பால். நீ துணிஞ்சு போடு."

அதோடு விஷயம் முடிந்தது. அண்ணை சொன்ன பிறகு வதனியிடமும் கேட்பது அண்ணையைச் சந்தேகிப்பது மாதிரி. இதற்கு முன்னும் ஒருமுறை அப்படி நடந்து, அவர் என்னோடு ஒரு தைப்பொங்கலிலிருந்து மற்றத் தைப்பொங்கல் மட்டும் கதைக்காமல் இருந்தவர்.

கார்டு அடிக்கிறவர் ரொறன்ரோவில். அவர் எடுத்துக் கேட்டார், தேயையை என்று இரண்டு 'யை' வருகிறதே, ஒன்று கூடிவிட்டதா என்று. இல்லை, முதலாவது ஊரோடு வருகிறது, இரண்டாவது இலக்கணத்தோடு வருகிறது என்றேன். அவர் பிறகும் திருப்திப்படாமல் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டினார். சுவிஸ் தேயையைப் பூர்வீகமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட. நாக்குக்குக் கொஞ்சம் தேகப்பயிற்சி, மற்றபடி சோக்காக இருந்தது. ஏழாலைக்கும் தேயைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும் ஓடுகிற மாதிரி இருந்தது.

கார்டைக் கையில் வாங்கிய ரெயாலை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தமிழ் எழுத்தில் தன் ஊர் எது என்று கேட்டு, அந்த இரண்டு எழுத்தின் மேலும் விரலை ஓட்டினார். அதன் பிறகு மனிதர் தரையில் நடக்கவில்லை. அயலட்டை, சலவைக் கடை, கோடையில் லவால் பக்கம் போகிற படகை ஓட்டுகிறவர் என்று எல்லோருக்கும் கார்டைக் காட்டினார். ஒரு மேப்பிள் பலகையை இழைத்து, கார்டைப் பார்த்து, 'தேயை' என்று தமிழிலேயே செதுக்கத் தொடங்கினார். கலியாணம் முடிந்து செப்டெம்பரில் சுவிஸுக்குப் போவதாகவும், பலகையைத் தேயையின் ஊர்த் தலைவரிடம் தன் கையால் கொடுக்கப்போவதாகவும் தாரணியிடம் சொல்லியிருந்தார்.

வதனி சிரித்தாள்

கார்டைப் படமெடுத்து சுவிஸுக்கு அனுப்பினேன். வதனி லுட்சேர்ன் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எனக்கு மத்தியானம், அவளுக்குப் பின்னேரம். டெலிபோனில் முதலில் மூச்சுத்தான் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது, சிரிப்பில் அவளால் கதைக்க முடியவில்லை.

"மச்சாள், உது ஊரில்லையடி. தெஹை எண்டா இஞ்ச 'வீட்டில' எண்டு அர்த்தம். என்ர பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்து சப்பாத்துக் கழட்டேக்க சொல்லுற சொல்லு."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

தெஹை. பிரெஞ்சு வாய்க்கு 'ஹ' வராது. ரெயாலின் வீட்டார் அதை விழுங்கிவிட்டார்கள். எங்களுக்கும் அந்த எழுத்தோடு பெரிய சிநேகம் இல்லை, நாங்களும் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசியில் 'வீட்டில்' என்பதைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவரின் மகனுக்கு எங்கள் மகளைக் கொடுக்கிறோம் என்று கார்டு அடித்து, உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறோம்.

முதலில் எனக்கும் சிரிப்புத்தான். வயிறு நோகச் சிரித்தேன். அண்ணை ரெயினில் போன இடமாம், நல்ல மாட்டுப்பாலாம் என்று நான் சொல்ல, வதனிக்குத் திரும்பவும் தொடங்கிவிட்டது. பிறகு அந்தப் பலகை நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. இல்லாத ஊருக்கு ஒரு மனிதர் பெயர்ப்பலகை செதுக்கிக்கொண்டிருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறப்போகிறார். அவரைப் போகவிட்டு, அங்கே யாரோ முன்பின் தெரியாதவர்கள் சிரிப்பதா, அல்லது நான் போய்ச் சொல்வதா?

வதனி நல்லவள். தன் இல்லத்தில் பூகர் என்றொரு கிழவர் இருக்கிறார், அவரிடம் விசாரிக்கிறேன் என்றாள். அண்ணைக்குச் சொல்லவேண்டாம் என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டோம்.

மறுபடியும் அந்தக் குசினி

ஞாயிற்றுக்கிழமை இல்-பிசாருக்குப் போனோம். கார் ஓட்டுகிறபோது என் கணவர், சொல்லத்தான் வேண்டுமா என்று பாலம் வரும்வரை கேட்டுக்கொண்டு வந்தார்.

பலகை மேசையில் கிடந்தது. வார்னிஷ் மணம். 'தேயை' என்ற எழுத்துகள் என் கையெழுத்தைவிட அழகாக வந்திருந்தன. ரெயால் எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். நான் உடைத்துச் சொல்ல வக்கில்லாமல், தாரணியின் பள்ளிக்கூடத்து உருண்டைக் கதையைத் தொடங்கினேன். ஊர் என்று ஆசிரியை கடலுக்குள் புள்ளி வைத்ததைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"தேயையும் அப்படியா?" என்று கேட்டார்.

அப்படித்தான் என்றேன். வீட்டில் என்று அர்த்தமாம் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ரெயால் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வதனிக்கு டெலிபோன் எடுத்து மேசையில் வைத்தேன். அவள் தன் இல்லத்துப் பூகர் கிழவரிடம் கேட்டிருந்தாள். அந்த மலைப்பக்கம் முழுக்கப் பூகர்கள்தானாம், எந்த ஊரில் இறங்கிக் கேட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். அதை நான் மொழிபெயர்த்தேன். ரெயால் தலையாட்டினார், ஆனால் அவர் காதில் அது விழவில்லை என்று நினைக்கிறேன். அவர் கேட்டது வேறு. அங்கே ஒரு மனிதன் வேலை முடிந்து வீட்டுக்குள் வரும்போது என்ன சொல்வான்?

வதனி சும்மா சொல்லவில்லை. வேலை முடிந்து வந்த களைப்போடேயே மூச்சை இழுத்து விட்டுச் சொன்னாள். "ஸோ. தெஹை."

ரெயால் எழுந்தார். சப்பாத்தை மாட்டி, குசினிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் எழும்பப் பார்த்தேன்.

கதவு திரும்பத் திறந்தது. ரெயால் உள்ளே வந்தார். ஒரு சப்பாத்தின் நுனியால் மற்றதன் குதியை அழுத்திக் கழற்றினார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். சுவரையும், அடுப்பையும், எங்களையும் பார்த்தார்.

"ஸோ. தெஹை" என்றார். 'ஹ' சரியாக வந்தது.

பிறகு சொன்னார்: "அவர் இந்த வீட்டைத்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் எல்லோரும் பாவம் பாவம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மனிதர் சந்தோஷமாக இருந்திருக்கிறார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. ரெயாலும் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். டெலிபோனுக்குள்ளிருந்து வதனி, என்ன நடக்குது, என்ன நடக்குது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்த கதவால் என் கணவர் வெளிப்படிக்கட்டைக் காட்டினார். முதுகில் கோடு போட்ட ஒரு சின்னது, கன்னம் இரண்டும் உப்ப, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்சேரும், மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்திருக்கினம்" என்றார்.

அதை மொழிபெயர்க்கப் போய்த்தான் அணில் குலக் கதை முழுவதையும் ரெயாலுக்குச் சொல்லவேண்டி வந்தது. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அந்தப் பழைய வீட்டின் ஓடு கழன்று விழாதது புதினம்.

மிச்சமிருக்கிற கார்டுகளில் திருத்தம் ஒட்டலாம் என்று கேட்டுப் பார்த்தேன். எங்கே பிழை இருக்கிறது என்று ரெயால் திருப்பிக் கேட்டார். பிறகு சுத்தியலை எடுத்து வந்தார். என் கணவர் ஸ்டூலைப் பிடிக்க, பலகையைக் குசினிக் கதவுக்கு மேலேயே அடித்தார். செப்டெம்பரில் எப்படியும் அந்த மலைப்பக்கம் போகத்தான் போகிறார், ஒவ்வொரு ஊராக இறங்கிப் பூகர்களைப் பார்க்க. பலகை மட்டும் வராது.

அன்றைக்குச் சென்ட் லோரன்டில் எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, என் கணவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து "ஸோ, தேயை" என்றார். இத்தனை வருடமாக ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் என்றே கதைத்துவந்த எனக்கு, அந்த வாடகை வீட்டின் மேல் திடீரென்று ஒரு பட்சம் வந்தது. அவருக்கு அதைச் சொல்லவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு உலை வைத்தேன்.

கலியாணத்தன்று

கலியாணம் நன்றாக நடந்தது. ரெயால் பட்டு வேட்டியை இடுப்புப் பட்டியால் இறுக்கிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். மண்டபத்தின் ஒரு மூலையில் பெரியண்ணை கதிரையில் சாய்ந்திருந்து, தேயையின் புல்வெளிகளைப் பற்றிச் சுற்றியிருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு போய்விட்டேன். சத்தியம் சத்தியம்தான்.

பந்தி முடிகிற நேரம், ஸ்காபரோவிலிருந்து வந்த எங்கள் சின்னமாமி ரெயாலைப் பிடித்துக்கொண்டார். வருகிற வருடம் மாமி சுவிஸுக்குப் போகிறாராம். தேயைக்கு எப்படிப் போவது என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். நான் கேட்டேன். ரெயால் கடைக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, பஸ் குறைவு, பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கி நின்று டெலிபோன் எடுங்கள், நானே வந்து காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார். ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

மாமி நம்பவில்லை.

"சுவிஸில பஸ் குறைவோ? நான் அப்பிடிக் கேள்விப்படேல்லையே."

பெரியண்ணை கதிரையிலிருந்து எழும்பாமலே குரல் கொடுத்தார்.

"தேயைப் பக்கம் குறைவுதான். எனக்குத் தெரியும்."